கண்டற்காடும் கருவிக்கண்ணும்

காடு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனம் பொதிகைக்கும் முதுமலைக்கும் ஓடிவிடுகிறது. பிழைப்பை நாடி மும்பைக்கு வந்து, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறி வாழும் நமக்குக் காடு என்பது ஊரில் விட்டுவந்த பொருள்களுள் ஒன்று. ஆயினும் நம்முள் பலர் நாள்தோறும் ஒரு காட்டைக் கடந்தே வேலைக்குப் போய்வருகிறோம். செம்பூரில் ரயிலேறி வாஷிக்குச் செல்வோர் தானேக் கழியின் பாலத்தைக் கடக்கும்போது இருபுறமும் காண்பது காடு. மாகிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே, மித்தி ஆறு கடலைச் சேரும் இடத்தில், கரிய சேற்றின்மேல் தழைத்து நிற்பதும் காடு. சேறும் நாற்றமும் கண்டு நாம் முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். அதனால் அது காடாக நம் கண்ணுக்குப் படுவதில்லை.

இக்காடு தமிழருக்குப் புதியதன்று. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் இதனைக் கண்டல் என்று அறிந்திருந்தனர்; கடற்கரைச் சிற்றூருக்கு அது வேலியாக நின்றதையும் கண்டிருந்தனர். அலையின் வேகத்தை ஆற்றுவதால் அலையாத்தி என்றும் இதற்குப் பெயர் உண்டு. சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பிச்சாவரத்தில் இன்றும் அது வளர்கிறது. மராத்தியர் இக்காட்டைக் காந்தள்வன் என்கின்றனர். நம் கண்டலை நினைவூட்டும் இச்சொல்லைக் கேட்கும்போது, வேற்றூரில் உறவினரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சி உண்டாகிறது.

மும்பையில் மிகுதியாகக் காணப்படுவது வெண்கண்டல். இதன் இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர்வழியே வந்த உப்பை இலைவழியே வெளியேற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. சேற்றினுள் காற்று இல்லாமையால், மண்ணுக்கு மேலே விரற்கடைப் பருமனுள்ள குச்சிகளைப்போல் மூச்சுவேர்களை நீட்டி அம்மரம் சுவாசிக்கிறது. அவ்வேர்களினிடையே மீன்குஞ்சும் இறாலும் நண்டும் வளர்கின்றன. வெள்ளம் வரும்போது நீர் பரவி நிற்க இடந்தருவதும், அலையின் வேகத்தைத் தணிப்பதும் இக்காடே. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்ததையும், மித்தி கரைபுரண்டு வீடுகளுக்குள் புகுந்ததையும் கண்டவர்கள் நம்மிடையே பலர். அவ்வளவு மழையை எந்தக் காடும் தனியே தாங்கியிராது. எனினும் ஆறு பரவ வேண்டிய சதுப்பைத் தூர்த்துவிட்டு, ஆறு வீட்டிற்குள் வந்ததே என்று வருந்துவதில் பொருளில்லை என்பதை அந்நாள் நகரத்திற்கு உணர்த்தியது.

ஆதலின் இக்காடு நலமாக இருக்கிறதா, நலிகிறதா என்பதை அறிய வேண்டியது அவசியமாகிறது. எவ்வாறு அறிவது? முழங்கால் அளவு சேறு; நாளுக்கு இருமுறை ஏறி வடியும் நீர்; உள்ளே நுழைய வழியில்லாத அடர்த்தி. காலால் நடந்து முழுவதையும் பார்ப்பது அரிது. இங்கேதான் விஞ்ஞானம் வானத்தில் ஒரு கண்ணைத் திறந்து வைத்தது.

அக்கண்ணின் தத்துவம் எளியது. பச்சை இலை தன் உணவைச் சமைக்கச் சூரிய ஒளியிலுள்ள சிவப்புக் கதிர்களை உட்கொள்கிறது. நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களுள் சிவப்பை அடுத்திருப்பனவற்றையோ பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறது. இலை நோயுற்றால் அல்லது வாடினால் இக்கணக்கு மாறுகிறது. சிவப்பு மிகுதியாகத் திரும்புகிறது, அகச்சிவப்புக் குறைகிறது. செயற்கைக்கோள் இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கிறது. இரண்டிற்குமுள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் பசுமையின் அளவு எண்ணாகக் கிடைத்துவிடுகிறது. மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பது போன்ற முறை இது. இப்படங்களை அச்சிடும்போது அகச்சிவப்பைச் சிவப்பு நிறத்தால் காட்டுவது வழக்கம். ஆகவே அப்படத்தில் செழித்த காடு செக்கச்சிவந்து தோன்றும்!

அமெரிக்காவின் முதல் லாண்ட்சாட் 1972 ஜூலையில் வானேறியது. நம் நாட்டில் 1981-இல் டேராடூனில் இந்திய வன அளவாய்வு நிறுவனம் தோன்றியது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் காடுகளைக் கணக்கிட்டு 1987-இல் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. மறு ஆண்டே, 1988 மார்ச்சில், இந்தியாவின் சொந்தத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஐ.ஆர்.எஸ். 1ஏ விண்ணில் செலுத்தப்பட்டது. 2023-ஆம் ஆண்டுக்குரிய அறிக்கையின்படி இந்தியாவின் கண்டற்காடு ஏறத்தாழ 4,992 சதுர கிலோமீட்டர். மகாராஷ்டிரத்தின் பங்கு ஏறத்தாழ 315 சதுர கிலோமீட்டர்.

மும்பையில் இக்கருவிக்கண் நீதிமன்றத்திற்கும் துணைசெய்தது. கண்டலை வெட்டுவதையும், அதன்மேல் இடிபாடுகளைக் கொட்டுவதையும் தடை செய்து 2005 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. காட்டைச் சுற்றி 50 மீட்டர் அளவுக்குக் கட்டுமானம் கூடாது என்றும் விதித்தது. செயற்கைக்கோள் படங்களின் துணையால் இக்காடுகளை வரைந்து எல்லை காணும் பணி, நாகபுரியிலுள்ள மகாராஷ்டிரத் தொலையுணர்வுப் பயன்பாட்டு மையத்திடம் சேர்ந்தது. இதன் பயன் யாது? இங்கே காடே இருந்ததில்லை என்று ஒருவர் சொன்னால், அதற்கு மறுமொழி கூறத் தேதியிட்ட படம் ஒன்று இருக்கிறது. பணத்திற்கும் அச்சத்திற்கும் மாறாத சாட்சி அது. 2012-இல் மகாராஷ்டிர வனத்துறை கண்டற்காடுகளுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை அமைத்தது. தானேக் கழி 2015-இல் பூநாரைச் சரணாலயமாகி, 2022-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. கண்டலை அழிப்பது அரசியலமைப்பு தரும் உயிர்வாழும் உரிமைக்கே முரண் என்று 2018 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தன் முடிவான தீர்ப்பில் அறுதியிட்டது.

இவ்வளவும் கேட்டபின், இனி வானத்துக் கண் ஒன்றே போதும், சேற்றில் இறங்க வேண்டியதில்லை என்று நினைப்போமானால் ஏமாந்துபோவோம். அக்கண்ணுக்கும் குறைகள் உண்டு.

முதலாவது, அது காணும் நுணுக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. தேசியக் கணக்கிற்கு நெடுங்காலம் பயன்பட்டுவரும் இந்தியக் கருவியின் ஒரு புள்ளி, பக்கத்திற்கு 23.5 மீட்டருள்ள சதுரம். தாராவியில் நூறு சதுர அடி வீடுகளைச் சுவரோடு சுவர் ஒட்டி அடுக்கினால், ஐம்பதுக்கு மேற்பட்டவை அந்த ஒரே புள்ளியில் அடங்கிவிடும். ஐம்பது குடும்பத்தின் சுகதுக்கம் ஒரு புள்ளி! மேலும் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த பரப்பு அக்கணக்கில் தனியே இடம்பெறுவதில்லை. கழிக்கரையிலோ காடு ஒரே நாளில் ஹெக்டேர் கணக்கில் அழிவதில்லை. இரவில் ஒரு லாரி இடிபாடு, மறுநாள் மற்றொன்று என்று ஓரத்திலிருந்து அரிக்கப்படுகிறது. 2015 முதல் ஐரோப்பியரின் சென்டினல் 2 செயற்கைக்கோள் 10 மீட்டர் நுணுக்கம்வரை காட்டுகிறது. ஆயினும் முதல் லாரியைக் காண்பவர் அக்கரையில் குடியிருப்பவரே.

இரண்டாவது, ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் வானத்தை மேகம் மூடிவிடுகிறது. ஒளியை நம்பிய கண்ணுக்கு அம்மாதங்களில் பெரும்பாலும் குருடுதான். இதற்கு மாற்றாக, மேகத்தை ஊடுருவும் ராடார் அலைகள் பயன்படுகின்றன. இந்தியாவும் அமெரிக்காவும் கூடி அமைத்த நிசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது, இத்தகைய ராடாரைத் தாங்கியே. ஏற்றநீரின்போது எடுத்த படத்தில் இளங்கன்றுகள் நீருக்குள் மறைந்திருப்பதும் உண்டு. படம் எடுத்த நேரத்தில் கடல் ஏறியிருந்ததா, வடிந்திருந்ததா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வெளுத்ததெல்லாம் பாலன்று, பசுமையெல்லாம் காடன்று. நம் தேசியக் கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிகை நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலிருந்தால், நிலம் யாருடையதாயினும் மரம் எதுவாயினும், அது வனப்பரப்பு. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் அதில் அடங்கிவிடுகின்றன. பரப்பு கூடியது என்ற செய்தியால் மட்டும் காடு நலமுற்றது என்று முடிவுகட்ட இயலாது.

இவற்றினும் நுட்பமான குறை ஒன்று உண்டு. அதனை மும்பையே நமக்குக் கற்பிக்கிறது. மழைக்காலம் முடியும் தறுவாயில் சில ஆண்டுகளில் இக்கரையோர வெண்கண்டல் திடீரெனப் பழுப்பேறி, இலையிழந்து எலும்புக்கூடாய் நிற்கும். யாரோ நஞ்சு ஊற்றிக் கொன்றுவிட்டார்களோ என்று காண்போர் பதறுவர். வானத்துக் கண்ணும் பசுமை குன்றிவிட்டது என்றே சொல்லும். சேற்றில் இறங்கிப் பார்த்தவரோ கிளைகளில் புழுக்களைக் காண்பார். தேக்கிலையைத் தின்னும் ஹைப்ளியா என்னும் அந்துப்பூச்சியின் புழுவே அது. வெண்கண்டலின் இலையையும் விரும்பித் தின்னும். சில வாரங்களில் புழு கூடுகட்டிப் பூச்சியாய்ப் பறந்துவிடும்; மரம் மீண்டும் தளிர்க்கும். உண்மை அறியாமல் மருந்து தெளித்திருந்தால் புழுவோடு நண்டும் மீன்குஞ்சும் மடிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. எங்கோ ஒரு மூலையில் மண்ணைக் கொட்டிக் கழிநீரின் வாய்க்காலை அடைத்துவிடுகிறார்கள். கோடாரி படவில்லை, ஒரு மரமும் விழவில்லை. ஏற்றநீர் வருவது நின்றதும் சேறு காய்கிறது, அல்லது தேங்கிய நீரில் மூச்சுவேர் மூழ்குகிறது. மரங்கள் நின்றபடியே மடிகின்றன. மேலிருந்து பார்த்தால் இங்கும் அதே பழுப்பு. ஒன்று மீளும் நோய். மற்றது மீளாச் சாவு. இரண்டையும் பிரித்துச் சொல்ல, உரிய காலத்தில் அங்கே போய் நின்ற ஒரு மனிதர் வேண்டும். வாய்க்காலை உடனே திறந்துவிட்டால் காடு பிழைக்கும். அடுத்த அறிக்கை வரட்டும் என்று காத்திருந்தால் அறிக்கையில் எண் மட்டும் குறையும்.

கண்ணும் காலும் கூடினால் என்ன நிகழும் என்பதற்குப் பிச்சாவரமே சான்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் தொட்டு 1970-கள் வரை அங்கே பகுதி பகுதியாகக் கண்டல் வெட்டப்பட்டது. வெட்டிய இடங்களில் மரம் மீண்டும் முளைக்கவில்லை. ஊரார் விறகு பொறுக்குவதும் மாடு மேய்ப்பதுமே காரணம் என்று பழி சுமத்துவது எளிதாக இருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் களத்தில் இறங்கி மண்ணையும் நீரையும் சோதித்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. மரம் இழந்த சேறு வெயிலில் காய்ந்து, தாழ்ந்து, தொட்டிபோல் ஆகியிருந்தது. உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றி வற்றி, உப்பு மிகுந்து, விதைகளைக் கொன்றது. 1990-களில் வனத்துறையும் ஊர்மக்களும் உடனுழைக்க, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஏற்றநீர் வந்துபோக வழிசெய்து, கன்றுகளை நட்டனர். 1986-ஆம் ஆண்டுப் படத்தையும் 2002-ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டபோது, காட்டின் பரப்பு நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பங்கு பெருகியிருந்தது. நோயின் காரணத்தைக் கண்டது கால். குணமான அளவைக் காட்டியது கண். ஒன்று இல்லையேல் மற்றது முடம்.

களத்தில் செய்யும் வேலை யாது என்று கேட்கலாம். குறித்த சில கட்டங்களுக்கு ஆண்டுதோறும் திரும்பச் சென்று, மார்பளவு உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளப்பார்கள், கன்றுகளை எண்ணுவார்கள், நீரின் உப்பைச் சோதிப்பார்கள், நண்டுவளைகளைக் கணக்கிடுவார்கள். முதிர்ந்த மரங்கள் நிறைந்து கன்று ஒன்றும் இல்லாத காடு, கிழவர்கள் மட்டுமே எஞ்சிய ஊரைப் போன்றது. வானிலிருந்து அது பசுமையாகவே தோன்றும். அதன் எதிர்காலம் வெறுமையாகிவிட்டது என்பதைத் தரையில் நிற்பவர்தாம் அறிவார். இவ்வறிவு ஆராய்ச்சியாளரிடம் மட்டும் இருப்பதன்று. கழியில் வலைவீசும் கோலி மீனவர், எந்த வாய்க்காலில் இவ்வாண்டு நண்டு குறைந்தது என்பதை எந்த அறிக்கைக்கும் முன்னரே சொல்லிவிடுவார்.

நேயர்களே, தாராவிக்கு எதிரே மித்தியின் கரையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. 1994-இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன் அவ்விடம் நகரத்தின் குப்பைமேடு. குப்பைமேடு சோலையாகும் என்பதை நம் வாசலிலேயே கண்டோம். கவனியாது விட்டால் சோலையும் குப்பைமேடாகும் என்பதை அதனின்று உணர்வது கடினமன்று. வந்த ஊர்தானே, நமக்கென்ன என்று இருக்கும் உரிமை நமக்கு இல்லை. வெள்ளம் வரும்போது அது மராத்தியர் வீடு, தமிழர் வீடு என்று பார்த்து நுழைவதில்லை. ஆதலின் நாளைக் காலை பாலத்தைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சற்றுப் பார்ப்போம். பழுப்பேறியிருந்தால் ஏன் என்று கேட்போம். புதிய மண்மேடு தென்பட்டால் வனத்துறையின் கண்டற்பிரிவுக்கு எழுதித் தெரிவிப்போம். அடுத்தமுறை வானத்துக் கண் இப்பக்கம் திரும்பும்போது, அது காண அங்கே காடு இருக்க வேண்டும்.