மேல்முறையீடும் நாட்கணக்கும்

நெய்வேலிச் சுரங்கத்திற்கு நிலம் கொடுத்த என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டிற்கு வந்தார். இழப்பீட்டு வழக்கில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து 94 நாட்கள் ஆகியிருந்தன. “கெடு முடிந்துவிட்டதே, ஐயா!” என்று கலங்கினார்.

உச்சநீதிமன்றத்தில், அரசியலமைப்பின் 136ஆம் பிரிவின்படி, சிறப்பு அனுமதி மனுக் கொடுக்கக் கெடு 90 நாட்களே. ஆயினும், தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெறச் சென்ற நாட்களை 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் கணக்கினின்றும் நீக்குகிறது. நகலின் முத்திரையைப் பார்த்தோம். அதற்குச் சென்றவை 21 நாட்கள். கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? கழிந்தவை 73 நாட்களே!

கெடு கடந்திருப்பினும், தக்க காரணம் காட்டித் தாமதத்தைப் பொறுக்க வேண்டலாம். ஏற்பது நீதிமன்றத்தின் விருப்பம். இம்மனுவே உரிமையன்று, அனுமதி கேட்பதுதான். அதையும் நான் மறைக்கவில்லை. வசதியற்றோர்க்கு உச்சநீதிமன்றச் சட்டப் பணிகள் குழு வழக்கறிஞரை அமர்த்தித் தரும் என்றேன். அன்று மாலையே காகிதங்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.