ஒரு மாத மழையும் ஐம்பதாண்டுச் சராசரியும்

மழை பொய்த்துவிட்டது என்று உழவர் கூறும் ஆண்டிலேயே, சராசரிக்குச் சற்றுக் குறைவு என்று அரசு ஏடு கூறுவதுண்டு. இவ்விரண்டில் எது உண்மை? மாணவர்களும் அலுவலர்களும் சிந்திக்க வேண்டிய இவ்வினாவிற்கு 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நல்லதோர் எடுத்துக்காட்டு.

1971 முதல் 2020 வரையிலான ஐம்பதாண்டுச் சராசரியின்படி, ஆகஸ்டில் இந்தியா முழுவதற்குமான மழை 254.9 மி.மீ. 2023 ஆகஸ்டில் பெய்ததோ 162.7 மி.மீ.; அதாவது 36 சதவீதம் குறைவு. 1901 முதல் உள்ள பதிவுகளில் இத்துணை வறண்ட ஆகஸ்டு வேறில்லை. பசிபிக் பெருங்கடலில் தோன்றிய எல் நினோ இதற்கு ஒரு காரணம். பருவமழைத் தாழ்வழுத்தப் பகுதி இமயமலை அடிவாரத்திற்கு நகர்ந்து நின்றது மற்றொன்று. அதனால் சமவெளி காய்ந்தபோதே இமாசலப் பிரதேசத்தில் பெருமழை கொட்டிச் சேதம் விளைந்தது.

எனினும் பருவம் முழுவதையும் நோக்கினால் காட்சி மாறுகிறது. சூனில் 9 சதவீதம் குறைவு. சூலையில் 13 சதவீதம் மிகுதி. செப்டம்பரில் மீண்டும் 13 சதவீதம் மிகுதி. நான்கு மாத மொத்தம் 868.6 மி.மீ. என்ற நீண்டகாலச் சராசரியில் 94 சதவீதத்தை எட்டியது. ஏட்டின் கூற்றில் பிழையில்லை. ஆனால் பூக்கும் பருவத்தில் நீரின்றி வாடிய பயிருக்குச் செப்டம்பர் மழையால் என்ன பயன்? சராசரி கூட்டிக் கழித்துக் கணக்கை நேர் செய்யலாம். பயிர் அவ்வாறு கணக்கை நேர் செய்வதில்லை.

காலத்தைப் போன்றே இடமும் சராசரியில் மறைந்துவிடுகிறது. அப்பருவத்தில் கேரளத்தில் மழை 34 சதவீதம் குறைந்தது. சௌராஷ்டிர-கட்ச் பகுதியிலோ இயல்பினும் மிகுந்தது. கருநாடக அரசு செப்டம்பரில் 195 வட்டங்களை வறட்சி பாதித்தவை என அறிவித்தது. நாட்டின் சராசரியை மட்டும் நம்பியிருந்தால் இவ்வட்டங்களின் துன்பம் கண்ணுக்குத் தெரிந்திராது.

ஒப்பிடும் அளவுகோலும் நிலையானதன்று என்பதை உணர வேண்டும். 1951-2000 காலத்தில் 89 செ.மீ. அளவில் இருந்த பருவமழைச் சராசரி, 1961-2010 காலத்திற்கு 88 செ.மீ. ஆயிற்று, 2022 முதல் வழக்கிலுள்ள 1971-2020 சராசரி 87 செ.மீ. எனவே "இயல்பு" என்ற சொல்லைக் காணும்போது, எந்த ஐம்பதாண்டின் இயல்பு என்று கேட்பது மாணவர் கடமை. ஒரே ஆண்டின் மழை, ஒப்பிடும் காலத்திற்கேற்பக் குறைவாகவோ குறைவற்றதாகவோ தோன்றக்கூடும். மேலும், ஒரு மாதத்தின் வறட்சியை மட்டும் கொண்டு தட்பவெப்பமே மாறிவிட்டதென முடிவு கட்டுவதும் பொருந்தாது. அதற்குப் பல பத்தாண்டுகளின் போக்கே சான்றாகும்.

அலுவலருக்கு இதில் நேரடிப் பொறுப்பு உண்டு. மாவட்ட மழை இயல்பைவிட 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் "பற்றாக்குறை" எனவும், அதற்கும் கீழே சென்றால் "பெரும் பற்றாக்குறை" எனவும் இந்திய வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் இழப்பீட்டை முடிவு செய்வது, அப்பகுதிக்குக் குறிக்கப்பட்ட வானிலை நிலையத்தின் பதிவே. நிலையம் தொலைவிலிருந்தால், அங்கே பெய்த மழை இங்கே காய்ந்த வயலின் உரிமையைப் பறித்துவிடும். ஒன்றியந்தோறும் தானியங்கி வானிலை நிலையம், ஊராட்சிதோறும் மழைமானி என்ற இலக்குடன் 2023இல் மத்திய அரசு திட்டமொன்றைத் தொடங்கியமைக்கு இத்தேவையே அடிப்படை.

நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மழைமானியிலிருந்து எடுக்கப்படும் அளவு சிறியதோர் எண்தான். ஆனால் அது தவறின் மாதக் கணக்குத் தவறும். மாதக் கணக்குத் தவறின் ஐம்பதாண்டுச் சராசரியும் பழுதுபடும். நாட்டின் சராசரி திட்டமிடுவோருக்கு வேண்டும். வட்டத்தின் வாராந்தர அளவு உழவருக்கு வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் நிர்வாகமே உரிய காலத்தில் உதவி புரிய வல்லது.