குழாயடியில் தொடங்கும் அரசியல்

இன்று பட்டம் பெறும் செல்வங்களே, வாழ்நாளின் பெரும்பகுதியை மாநகராட்சிச் செய்தியாளனாகக் கழித்தவன் நான். எனக்குத் தெரிந்த மாநகராட்சி அரசியலைப் பற்றியே பேசுகிறேன்.

மதுரை வில்லாபுரத்தின் லீலாவதியைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் பிறப்பதற்கு முன் வாழ்ந்து மறைந்தவர். கைத்தறி நெசவுத் தொழிலாளி, மாதர் சங்கத்தில் ஓடியாடி உழைத்தவர். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர மன்றங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுத்தது. அதன்பின் தமிழ்நாடு கண்ட முதல் உள்ளாட்சித் தேர்தல், 1996 அக்டோபரில் நடந்தது. அதில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராக நின்று லீலாவதி கவுன்சிலர் ஆனார்.

அப்போது அந்தப் பகுதியில் தண்ணீர் விலைச் சரக்கு. குழாய் வராத தெருவில் குடத்துக்குக் காசு வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அரசியல் பலமும் இருந்தது. லீலாவதி மாநகராட்சியை விடாமல் நெருக்கி, குடிநீரைக் குழாய் வழியாகத் தன் மக்களிடம் கொண்டுவந்தார். தண்ணீர் வந்ததும் வியாபாரம் படுத்தது. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில், ஆள் நடமாட்டமுள்ள தெருவில் அவரை வெட்டிக் கொன்றார்கள். பதவிக்கு வந்து அரை ஆண்டுதான் ஆகியிருந்தது. கொலையாளிகளுக்குப் பின்னர் ஆயுள் தண்டனை கிடைத்தது.

சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பெரிய பெரிய பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். ஆனால் மக்கள் பிரதிநிதி என்று யாராவது சொன்னால் என் நினைவுக்கு முதலில் வருபவர் அவர்தான்.

குழாயடி அரசியலை நானும் நேரில் பார்த்திருக்கிறேன். நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் ஒரு கோடையில் தண்ணீர் சுத்தமாக நின்றுபோனது. வாளியோடு பக்கத்துத் தெருக் குழாயடிக்குப் போவோம். எந்தத் தெருவுக்கு வால்வு திறக்கிறார்கள், எந்தத் தெருவுக்கு மூடுகிறார்கள், யார் சொல்லி மூடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே குடத்தோடு நின்ற பெண்களுக்கு அத்துபடி. வகுப்பில் அரசியல் அறிவியல் படித்த எங்களுக்கு அவர்கள்தான் பாடம் எடுத்தார்கள். பின்னாளில் மாமன்றக் கூட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போனபோது அந்தப் பாடமே எனக்குக் கைகொடுத்தது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலம் முழுவதும் சுமார் 60 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். படித்தவர்கள் நிறைந்த சென்னையில் பாதிப் பேர்கூட வரவில்லை. அதற்கு முன் 2016 அக்டோபரிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நம் நகரங்களில் கவுன்சிலரே கிடையாது; தனி அலுவலர்களின் ஆட்சி நடந்தது. சென்னை 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமலே கிடந்த நகரம். அந்த வெறுமை பழகிப்போய்விட்டது என்பதே என் கவலை. சாக்கடை அடைத்தால் முதலமைச்சருக்கு மனு எழுதும் நமக்கு, நம் வார்டு எண் தெரியவில்லை. இன்று மன்றங்களில் சரிபாதி இடங்கள் பெண்களுக்கு. பல வார்டுகளில் அவர்களின் கணவர்களே கவுன்சிலராக வலம் வருகிறார்கள். அதை நாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது லீலாவதிக்குச் செய்யும் துரோகம்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தாலும், அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள். உங்கள் கவுன்சிலர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் அடுத்து எப்போது என்று வார்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். வாய்மொழியாகச் சொல்ல மறுத்தால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள்.