கை விழுந்தால் கிட்னியைப் பாருங்கள்



மன்னாரில், தோட்டவெளியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வருசமாகச் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஓர் ஐயா. கொஞ்ச நாளாகப் பகலில் தூங்கி வழிகிறார், இரவில் முழித்திருக்கிறார். பேரனை மகனின் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். விக்கல் நிற்பதில்லை. வீட்டார் வயசு என்பார்கள், பக்கத்து வீட்டார் குடி என்பார்கள். அங்குள்ள வேதசாட்சிகளின் இராக்கினி மாதாவுக்கு நேர்த்தி வைப்போரும் உண்டு. வையுங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினைன் இரத்தத்தில் எவ்வளவு என்றும் பாருங்கள்.

சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீரை வடித்து, ஒன்றிரண்டு லீற்றர் தவிர மிச்சத்தை இரத்தத்துக்கே திருப்பி விடுகின்றன. அந்த வேலை கெட்டால் கழிவு தேங்கி மூளையைக் குழப்பும். முற்றினால் வலிப்பு, பிறகு நினைவே தப்பிவிடும்.

ஐயாவின் கைகளை முன்னுக்கு நீட்டி, வாகனம் மறிக்கிற பொலிஸ்காரர் போல உள்ளங்கையை நிமிர்த்தச் சொல்லுங்கள். மணிக்கட்டு சட்டென்று விழுந்து விழுந்து எழும்புகிறதா? அன்றைக்கே மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஈரல் பழுதானவருக்கும் இப்படி வரும். அதுவும் பொறுத்திருக்கிற விசயம் இல்லை. கை விழாவிட்டாலும் பேச்சுக் குழம்பினால் போகத்தான் வேண்டும்.

நேரத்துக்குப் போனால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தெளியும். 1945 செப்டெம்பரில், நெதர்லாந்தின் காம்பன் நகரில், சிறுநீரகம் செயலிழந்து நினைவு தப்பிக் கிடந்த 67 வயது அம்மா ஒருவரை வில்லெம் கொல்ஃப் என்ற வைத்தியர் இரத்தத்தைச் சுத்திகரிக்கத் தான் செய்த இயந்திரத்தில் இணைத்தார். இரத்தம் ஓடியது சொசேஜ் சுற்றுகிற செலோபேன் குழாயில். 11 மணித்தியாலம் கழித்து அம்மா கண் திறந்தார். புருசனை விவாகரத்துச் செய்யப்போகிறேன் என்றாராம் உடனே! மூளை தெளிந்ததற்கு வேறு சாட்சி வேண்டுமா? இன்றைய டயலிசிஸ் அந்த வழியில் வந்ததுதான்.

சிறுநீரகம் கெடுவது சீனியாலும் பிரஷராலும் மட்டுமல்ல. மன்னார் வீதியின் மறுமுனையில் இருக்கிற மதவாச்சியிலும், அதற்கப்பால் பதவியாவிலும், சீனியோ பிரஷரோ இல்லாத கமக்காரருக்கும் சிறுநீரகம் பழுதாகிறது. காரணம் இன்னும் முடிவாகவில்லை. நம் கரையில் எனக்குப் பயம் வேறு: வலை இழுத்த நாரி நோவுக்குக் கடையில் வாங்கி விழுங்குகிற குளிசை. பழுதான சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும்.

இன்னொன்று, காமரங்காய். வெட்டினால் நட்சத்திரம் போலத் தெரியுமே, அந்தப் புளிப்புக் காய். அதிலுள்ள காரம்பொக்சின் என்ற நஞ்சைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் வெளிப்படுத்தினார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதானவருக்கு விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும், உயிரும் போகலாம். கிளினிக்குப் போகிற ஐயாவுக்கு அதில் ஒரு துண்டும், ஒரு மிடறு சாறும் கொடுக்காதீர்கள்.