மாக்பெத்தும் நம்ம ஊர் சீவகனும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்ஜினியருக்கு ஷேக்ஸ்பியர் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் கடைசியில் சொல்கிறேன்.

'மாக்பெத்' நாடகம், ஐந்தாம் அங்கம், ஐந்தாம் காட்சி. மனைவி இறந்த செய்தி வந்ததும் மாக்பெத் பேசும் புகழ்பெற்ற தனிமொழி. பத்துப் பன்னிரண்டு வரிதான். வாழ்க்கையை அணையும் மெழுகுவத்தி என்கிறான், நிழல் என்கிறான், சற்று நேரம் ஆடி மறையும் நடிகன் என்கிறான். கேட்கிற நமக்கே நெஞ்சு கனத்துப் போகும்.

கவனித்துப் பாருங்கள். 'நாளை' மூன்று முறை வருகிறது. 'நேற்று' வருகிறது. 'இன்று' என்ற சொல் வரவே இல்லை. செத்தவளுக்காக அழக்கூட அவனுக்கு இன்று இல்லை.

இன்னொன்று. டங்கனைக் கொன்றவன் அவன்; பாங்கோவைக் கொல்லச் சொன்னவனும் அவனே. தன் வாழ்வைத் தானே கெடுத்துக்கொண்டு, எல்லார் வாழ்வுமே வெறுமை என்று தீர்ப்பு எழுதுகிறான். கான்கிரீட்டுக்கு ஒரு சாம்பிளுக்கு மூன்று க்யூப் எடுத்து, 28 நாள் தண்ணீரில் வைத்து, அப்புறம்தானே உடைத்துப் பார்க்கிறோம்? ஒரு க்யூப் நொறுங்கியதும் 'உலகத்தில் சிமென்டே சரியில்லை' என்று ரிப்போர்ட் எழுதுவோமா?

நம்ம ஊருக்கு வருவோம். 1891-இல் பெ. சுந்தரம் பிள்ளை வெளியிட்ட 'மனோன்மணீயம்'. 1990-இல் நெல்லையில் தொடங்கிய பல்கலைக்கழகம் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. மதுரையை விட்டு நெல்வேலியில் கோட்டை கட்டிய பாண்டியன் சீவகன், சேரனோடு நடந்த போரில் தோற்று, மானம் போயிற்றே என்று உயிரை விடத் துணிகிறான். பக்கத்தில் நாராயணன் இருக்கிறான், தடுத்துவிடுகிறான். மாக்பெத்துக்கு அப்படி ஒருவன் இல்லை. மனைவி செத்த செய்தியைச் சொல்ல சீட்டன் இருந்தான், அவ்வளவே.

தம்பிகளே, இதற்காகத்தான் வந்தேன். அரியர் பேப்பர், கேம்பஸில் கிடைக்காத வேலை, வீட்டுக் கடன் எல்லாம் சேர்ந்து அழுத்தும்போது ஒருத்தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே பேச ஆரம்பிப்பான். அந்தக் கதவைத் தட்டுங்க. தத்துவம் எதுவும் வேண்டாம். "ஏலே, வா, டீ குடிச்சிட்டு வருவோம்"னு கூப்பிடுங்க. அவனைப் பேச விடுங்க. தனியா விட்டுட்டு வராதீங்க. வாத்தியார்கிட்டயும் டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போகத் தயங்காதீங்க.

கதவுக்கு உள்ளே இருப்பவர் நீங்களானால், தட்டும் சத்தம் கேட்டதும் திறந்துவிடுங்கள்.