பேரைக் கொடுப்பதா, விடுவதா?

(பென்டில் ஹில்லில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



போன மாதம் ஒரு ஐயா என்னிடம் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். மருத்துவ ஆராய்ச்சிக்கு இரத்தமும் உடல்நல விபரமும் தரச் சம்மதமா என்று அதில் கேட்டிருந்தது. "தம்பி, இதில கையெழுத்து வைச்சா விசாவுக்குப் பிரச்சினை வராதோ?" என்றார்.

எனக்குச் சிரிக்க மனம் வரவில்லை. 1983 யூலையில் கொழும்பில் காடையர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்கட வீடுகளைத் தேடி வந்தார்கள். பட்டியலில் பேர் இருப்பதற்குப் பயப்படுவது எங்களுக்கு நியாயமானதே. ஆனால் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருப்பதாலும் ஒரு நட்டம் இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

ஒரே மருந்து எல்லோருடைய உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மரபணுவைப் பார்த்து ஆளுக்கேற்ற மருந்து கொடுப்பதையே துல்லிய மருத்துவம் என்கிறார்கள். மாரடைப்புக்குப் பிறகு இரத்தம் கட்டிபடாமல் இருக்கக் கொடுக்கிற குளோபிடோகிரெல் குளிசையைப் பாருங்கோ. ஈரல் அதை மாற்றினால்தான் அது வேலை செய்யும். கிழக்கு லண்டனில் தொடங்கிய 'ஜீன்ஸ் அன்ட் ஹெல்த்' ஆய்வுக்கு வங்காளதேச, பாகிஸ்தான் வம்சாவளி மக்கள் தாங்களாக உமிழ்நீரும் மருத்துவப் பதிவும் கொடுத்தார்கள். அவர்களில் 100க்கு 57 பேருக்கு அந்த மாற்றம் குறைவாக நடக்கிறது என்று 2023இல் தெரியவந்தது. அவர்கள் கொடுத்திராவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்? (அதற்காக ஒருவரும் குளிசையைத் தாங்களாக நிற்பாட்ட வேண்டாம்; வைத்தியரைக் கேளுங்கோ.)

எங்கட சனம் எங்கே? 2015இல் முடிந்த 'ஆயிரம் ஜீனோம்' ஆய்வில் 26 மக்கட் பிரிவுகளைச் சேர்ந்த 2,504 பேர் இருக்கிறார்கள். அதில் 102 பேர் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். பேர் இல்லை, எண் மட்டுந்தான். உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அவர்களுக்குச் சலரோகம் இருந்ததா, இரத்த அழுத்தம் இருந்ததா என்ற விபரம் அதில் சேர்க்கப்படவில்லை. மரபணு இருக்கிறது, வருத்தத்தின் கதை இல்லை.

அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பதா? கூடாது. "டொக்டர் கேட்டார், மறுக்கேலாது" என்று வைப்பதும் பிழை. இது உங்கட விருப்பம். மறுத்தால் உங்கட வைத்தியம் குறையக் கூடாது. இடையில் விலகவும் கேட்கலாம்.

ஐயாவும் நானும் இருந்து ஐந்து கேள்வி எழுதினோம். விபரத்தை யார் யார் பார்ப்பார்கள்? அரசாங்கத் திணைக்களம் கேட்டால் கொடுப்பீர்களா? வெளிநாட்டுக்கோ மருந்துக் கம்பனிக்கோ போகுமா? நான் விலகினால் ஏற்கனவே கொடுத்தது என்ன ஆகும்? ஆயுள் காப்புறுதி எடுக்கும்போது இது பாதிக்குமா? மரபணுச் சோதனை முடிவை வைத்து ஆயுள் காப்புறுதியில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்வோம் என்று அவுஸ்திரேலிய அரசு 2024 செப்டெம்பரில் அறிவித்தது. என்றாலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கோ. ஆங்கிலம் விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. பேரப்பிள்ளையை வைத்துச் சமாளிக்க வேண்டாம். உங்கட மரபணு ஊரிலிருக்கிற சகோதரங்களைப் பற்றியும் சொல்லும். அவர்களோடும் கதையுங்கோ.

ஐயா அந்தக் கடுதாசியை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனார். பிறகு கையெழுத்து வைத்தாரோ இல்லையோ, நான் கேட்கவில்லை. அது அவருடைய முடிவு. பயந்து மறுக்காமல், பணிந்து சம்மதிக்காமல், கேட்டு அறிந்து எடுத்த முடிவு. அது போதும்.