வழி காட்டுவோர் யார்?

இலங்கையில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கக்கூடிய இந்நாட்டில், எவ்வழிச் செல்வது என்று கேட்டறிவதற்குப் பணம் செலவிடும் பெற்றோரும் இன்று உளர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அவர்கள் கல்வி ஆலோசகரை நாடுகின்றனர்.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. பல்கலைக்கழகத்தின் பல துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. மருத்துவம் போன்ற துறைகளுக்குக் கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி உயர்ந்தே நிற்கும். உயர்தரப் பரீட்சையில் நன்கு சித்தியடைந்த பிள்ளையும் வெளியே நிற்க நேரிடுகின்றது.

அந்நிலையில் கடல்கடந்த கல்வி கவர்ச்சியாகத் தோன்றும். ஆயின், ஆலோசகருக்கு ஊதியம் கொடுப்பவர் யார் என்பதே முதல் வினாவாதல் வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரிகள் மாணவரைச் சேர்த்துவிடும் முகவர்களுக்குத் தரகு வழங்குவதுண்டு. கட்டணம் கேளாத ஆலோசனைக்கும் ஒரு விலை உண்டு. அதைப் பிள்ளையே செலுத்துகின்றது.

ஆதலின், தாயின் நகையை அடகு வைக்குமுன் பெற்றோர் செய்யத்தக்கவை மூன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலைத் தாமே வாசித்தல். வெளிநாட்டுப் பட்டத்தை இலங்கை ஏற்குமா என அவ்வாணைக்குழுவிடமே விசாரித்தல். பிள்ளையைப் பல ஆண்டுகள் வகுப்பறையிற் கண்ட ஆசிரியரைக் கலந்தாலோசித்தல். இம்மூன்றின் பின்னர் ஆலோசகரிடம் செல்பவர், கேட்கவேண்டியதை அறிந்து செல்வர்.

அனைத்திற்கும் மேலாக, பிள்ளையின் விருப்பம் யாதென்று வீட்டில் ஒருமுறையேனும் கேட்டல் நன்று. அதற்குக் கட்டணமே இல்லை.